ஒரு ரூபாய் டிக்கெட்டும் கடைசி நேரப் பயணமும்: ‘சூரரைப் போற்று’ பற்றி ஒரு தாமதக் குறிப்பு

‘சூரரைப் போற்று’ பற்றி 2020 நவம்பரிலேயே எல்லாரும் எழுதி முடிச்சுட்டாங்க. சூர்யாவின் நடிப்பு, அபர்ணா பாலமுரளியின் பொம்மி, ஜி.வி. பிரகாஷின் பின்னணி இசை எல்லாம் அலசி ஆராயப்பட்டுவிட்டது. 68ஆவது தேசிய விருதுகளில் சிறந்த படம், சிறந்த நடிகர், சிறந்த நடிகை, திரைக்கதை, பின்னணி இசை என்று ஐந்தை அள்ளிக்கொண்டும் போனது. இனிமே புதுசா என்ன இருக்குன்னு நீங்கள் கேட்கலாம்.

என் வலைப்பதிவைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு என்னுடைய மூன்று பைத்தியங்கள் தெரியும்: சாதனங்கள், வீட்டுத் திரை, விமானம். இந்த மூன்றும் ஒரே இடத்தில் சந்தித்த தமிழ்ப் படம் என்று நான் நினைப்பது இதைத்தான். அந்தக் கோணத்திலிருந்து பார்த்தால் படத்தின் நடுவில் ஒரு ஓட்டை தெரிகிறது. விமர்சனங்களில் அதை யாரும் தொட்டதாக நான் பார்க்கவில்லை. படம் தொடங்கிவைத்த வலி ஒன்று, அது கண்டுபிடித்த மருந்து வேறொன்று. இந்தக் குறிப்பு அதைப் பற்றியது.

படம் வந்த வழி

முதலில் காலவரிசையைப் பார்த்துவிடுவோம். 2020 பிப்ரவரி 13 அன்று ‘வெய்யோன் சில்லி’ பாடலை ஸ்பைஸ்ஜெட்டின் போயிங் 737 விமானத்துக்குள், நடுவானத்தில் வெளியிட்டார்கள். அதுவரை விமானமே ஏறாத பள்ளிப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனார்கள். அடுத்த மாதமே ஊரடங்கு வந்தது. தியேட்டரும் மூடியாச்சு, விமானமும் நின்னாச்சு. உள்நாட்டு விமானங்கள் மே 25ஆம் தேதிதான் திரும்ப ஓட ஆரம்பித்தன.

அதே மே மாதக் கடைசியில் சூர்யாவின் 2டி நிறுவனம் ‘பொன்மகள் வந்தாள்’ படத்தை நேராக ஓடிடியில் விட்டது. தியேட்டர்காரர்கள் கொதித்தார்கள். இந்தச் சண்டை புதுசு இல்லை. 2013இல் ‘விஸ்வரூபம்’ படத்தை தியேட்டருக்கு முன்னாடியே டிடிஎச்சில் காட்டப் போவதாகக் கமல் சொன்னபோதும் இதே கொதிப்புதான். அன்று அந்தத் திட்டம் நடக்கவில்லை. ஏழு வருஷம் கழித்து நோய் வந்து நடத்திவைத்தது.

‘சூரரைப் போற்று’ அக்டோபர் 30இல் வர வேண்டியது. விமானப்படையின் தடையின்மைச் சான்று தாமதமானதால் நவம்பர் 12க்குத் தள்ளிப்போய் அமேசான் பிரைமில் வந்தது. தமிழ்நாட்டில் தியேட்டர்கள் பாதி இருக்கையோடு திறந்தது நவம்பர் 10. இரண்டே நாள் இடைவெளி! ஆகாயத்தைப் பற்றிய ஒரு படத்தை ஊரே கூடத்தில் உட்கார்ந்து பார்த்தது.

திருத்தணியில் இருந்து

எங்க ஊர்க்காரர்களுக்கு விமானம் என்பது அண்ணாந்து பார்க்கிற விஷயம். பக்கத்து அரக்கோணத்தில் ஐ.என்.எஸ். ராஜாளி இருக்கிறது, 1992இல் தொடங்கிய கடற்படை விமானதளம். நாட்டின் மிக நீளமான ஓடுபாதைகளில் ஒன்று அங்கேதான். அங்கிருந்து கிளம்பும் பி-8ஐ உளவு விமானத்தின் உடம்பு போயிங் 737தான், அதாவது அந்தப் பாட்டு வெளியான விமானத்தின் பங்காளி. மலைமேல் 365 படி ஏறி நின்றால் வானம் தெளிவாகத் தெரியும். தினமும் விமானம் பார்க்கிறோம். ஆனால் அதில் ஏறியவர்களை எண்ணச் சொன்னால் எங்க தெருவில் எனக்கு ஒரு கை விரல் போதும்.

இன்னொரு விஷயமும் சொல்லணும். 1960 ஏப்ரல் 1 வரைக்கும் இந்த ஊர் ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ.சி. நடத்திய எல்லைப் போராட்டத்துக்கு அப்புறம்தான் இந்தப் பக்கம் வந்தது. அதனால் இன்றும் ஒரே சுவரின் இரண்டு பக்கம் இரண்டு மொழி பேசும் வீடுகள் உண்டு. இந்தப் படமும் அப்படியே வந்தது: எங்க வீட்டில் ‘சூரரைப் போற்று’, பக்கத்து வீட்டில் ‘ஆகாசம் நீ ஹத்துரா’. படத்தில் விமானப்படை அதிகாரியாக வரும் மோகன்பாபு அவர்களுக்கு வீட்டு மனுஷன் மாதிரி. நாயகன் சோழவந்தான்காரன் என்பது எங்களுக்கு எவ்வளவு நெருக்கமோ, அதே நெருக்கத்தை டப்பிங்கில் அவர்களும் அனுபவித்தார்கள். ஒரு மண்ணின் கதை என்று இயக்குநர் செதுக்கியது இவ்வளவு சுலபமாக மண் மாறுகிறதே என்று யோசித்தேன். காரணம் எளிது. படத்தின் உயிர் ஊரில் இல்லை, ‘நம்மாளை ஏற விடமாட்டேங்கிறான்’ என்ற கோபத்தில் இருக்கிறது. அந்தக் கோபத்துக்கு எல்லைக்கோடு கிடையாது.

காதுக்கு எட்டாத எஞ்சின்

கொஞ்சம் தொழில்நுட்பம் பேசிக்கிறேன், பொறுத்துக்கோங்க. கேப்டன் கோபிநாத்தின் நிஜ ஏர் டெக்கான் 2003இல் ஏ.டி.ஆர். 42 என்ற விசிறி விமானங்களோடு தொடங்கியது. அந்தக் காலத்து ஏ.டி.ஆர். 42இல் நாலு இதழ் விசிறி. முழு வேகத்தில் நிமிஷத்துக்கு 1200 சுற்று, அதாவது நொடிக்கு 20. நாலு இதழ் என்பதால் நொடிக்கு 80 அதிர்வு. அந்த விமானத்தின் அடிநாதம் இந்த 80 ஹெர்ட்ஸ்தான். காதுக்கு முன்னாடி நெஞ்சுக்குத் தெரிகிற சத்தம் அது.

இப்போ வீட்டு டிவியைப் பாருங்க. பலகை மாதிரி ஒல்லியாக்க வேண்டும் என்பதற்காக, தரையைப் பார்த்தபடி இரண்டு குட்டி ஸ்பீக்கர்களை வைத்திருப்பார்கள். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதில் ஏதும் உருப்படியாக வராது. விமானம் எழும்பும் இடத்தில் ‘உஸ்’ என்ற காற்றுச் சத்தம்தான் மிச்சம். நடுச் சேனலில் வரவேண்டிய வசனமும் இரண்டு ஸ்பீக்கருக்குள் மற்ற சத்தத்தோடு கலந்து அமுங்கும். நாம் சத்தத்தைக் கூட்டுவோம், அடுத்த நிமிஷம் சண்டைக் காட்சி வந்து காதைப் பிளக்கும். சின்ன சப்வூஃபரோடு ஒரு சவுண்ட்பார் இருந்தாலே இந்த இரண்டு குறையும் பெரும்பாலும் தீரும்.

ஆனால் பாருங்க, டிவியின் சொந்த ஸ்பீக்கரிலும் சவுண்ட்பாரிலும் மாற்றி மாற்றி நான் பார்த்ததில் ஒரு காட்சிக்கு மட்டும் எந்த வித்தியாசமும் இல்லை. அப்பா சாகக் கிடக்கிறார் என்று சேதி வந்து, கையில் இருக்கும் காசு டிக்கெட்டுக்குப் போதாமல், விமான நிலையத்தில் முன்பின் தெரியாதவர்களிடம் மாறன் கையேந்தும் காட்சி. அதுக்குக் குறைந்த அதிர்வெண்ணும் வேண்டாம், பெரிய திரையும் வேண்டாம். சூர்யாவின் தொண்டை போதும். படம் வீட்டில் ஜெயித்ததற்கு அந்தக் காட்சிதான் காரணம் என்பது என் கணிப்பு. இதே இயக்குநர் இதே கதையை ‘சர்ஃபிரா’ என்று இந்தியில் எடுத்து 2024 ஜூலையில் தியேட்டரில் விட்டார். அது ஓடவில்லை. அதற்கு வேறு பல காரணங்களும் இருக்கலாம், இரண்டையும் தராசில் வைக்க முடியாது. ஆனாலும் முகத்தை நம்பி நிற்கும் கதைக்கு வீட்டுத் திரை ஒன்றும் குறைச்சல் இல்லை.

எதை மாற்றினார்கள், எதை விட்டார்கள்

கோபிநாத்தின் ‘சிம்ப்ளி ஃப்ளை’ தன்வரலாற்றை வைத்துத்தான் படம். நிஜ கோபிநாத் கர்நாடகத்துக் கொரூரில் வளர்ந்த ஐயங்கார், ராணுவக் கேப்டன், 1971 போரில் இருந்தவர், பிறகு விவசாயம் செய்தவர். படத்தில் அவர் பெரியார் வழி வந்த நெடுமாறன். இதைப் பற்றி அப்போதே பெரிய வாக்குவாதம் நடந்தது. கோபிநாத்தே படம் நிறையக் கற்பனை கலந்தது, ஆனாலும் தன் புத்தகத்தின் சாரத்தைப் பிடித்துவிட்டது என்று பாராட்டினார். எனக்கும் இதில் புகார் இல்லை. சினிமாவுக்கு அந்த உரிமை உண்டு. யாரை விமானத்தில் ஏற விட்டார்கள், யாரை விடவில்லை என்ற கேள்விக்கு அந்த மாற்றம் கூர்மை சேர்க்கிறது.

என் புகார் கணக்கைப் பற்றியது. மலிவு டிக்கெட் எப்படிச் சாத்தியமாகிறது? ஒரே வகை விமானத்தை வைத்துக்கொள், பராமரிப்புச் செலவு குறையும். சாப்பாட்டைக் காசுக்கு வில். இருக்கையை நெருக்கிப் போடு. இறங்கியதும் அரை மணிக்குள் திரும்பக் கிளப்பு, தரையில் நிற்கும் விமானம் சம்பாதிக்காது. டிக்கெட்டை இணையத்தில் விற்று தரகர் கமிஷனை மிச்சம் பிடி. ஏர் டெக்கான் பெட்ரோல் பங்கில்கூட டிக்கெட் விற்றது, விமானத்தின் உடம்பிலேயே விளம்பரம் ஒட்டியது, ஆர்.கே. லக்ஷ்மணின் சாமானிய மனிதனைத் தன் அடையாளமாக வைத்துக்கொண்டது. இதெல்லாம் எவ்வளவு சுவாரசியமான சமாச்சாரம்! படத்தில் இது ஓரிரு வரி வசனமாகக் கடந்துபோகிறது. மிச்ச இடத்தை வில்லன் பரேஷ் நிரப்புகிறார். விளைவு, ஒரு கெட்டவன் விலகினால் விமானம் தானாகப் பறக்கும் என்ற எண்ணம் நமக்கு வருகிறது.

நிஜத்தில் நடந்தது வேறு. 2007இல் கிங்ஃபிஷர் உள்ளே வந்தது. 2008இல் இரண்டும் இணைந்தன. ஏர் டெக்கான் பெயரே போய் ‘கிங்ஃபிஷர் ரெட்’ ஆனது. 2012 அக்டோபரில் கிங்ஃபிஷரே தரையில் நின்றது. படம் கிராமத்து ஜனங்கள் விமானத்திலிருந்து இறங்கும் மகிழ்ச்சியில் முடிகிறது. வெற்றியில் முடிப்பது சினிமா வழக்கம்தான். ஆனால் அந்த வெற்றி ஐந்து வருஷம்கூடத் தாங்கவில்லை என்பதும் அதே கதையின் பாகம்தான்.

வலியும் மருந்தும்

இப்போ முக்கியமான இடத்துக்கு வருகிறேன். மாறனின் காயம் என்ன? அவசரத்தில், அந்த நிமிஷத்தில், டிக்கெட் வாங்க முடியவில்லை. அவன் கண்டுபிடித்த மருந்து என்ன? ஒரு ரூபாய் டிக்கெட். இந்த ஒரு ரூபாய் டிக்கெட் யாருக்குக் கிடைக்கும்? விமானத்தில் சில இருக்கைகளுக்கு மட்டும், வெகு முன்னாடியே பதிவு செய்கிறவனுக்குக் கிடைக்கும். இருக்கை குறையக் குறைய விலை ஏறும், கடைசி நேரத்தில் வருகிறவன்தான் அதிகம் கொடுப்பான். மலிவு விமானத்தின் பொருளாதாரமே அவன் கொடுக்கும் காசில்தான் நிற்கிறது. சுற்றுலா போகிறவனால் மூன்று மாதம் முன்னாடி பதிவு செய்ய முடியும். அப்பா என்றைக்குச் சாவார் என்று யார் முன்பதிவு செய்வது?

அதாவது, மாறனின் விமான நிறுவனம் ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு மாறன் அதே கவுண்டருக்கு முன்னாடி கையேந்தி நிற்பான். படம் இதைக் கவனிக்கவே இல்லை. எழுதும் மேஜையில் இந்த ஒரு கேள்வியை யாராவது கேட்டிருந்தால் இரண்டாம் பாதி வேறு மாதிரி ஆகியிருக்கும். வில்லன் வெளியே இருக்க வேண்டிய அவசியமே இருந்திருக்காது.

ஒரு வேடிக்கை என்னவென்றால், படம் வெளியான சமயத்தில் ஒரு ரூபாய் டிக்கெட் விற்கவே முடியாது. 2020 மே 25 முதல் 2022 ஆகஸ்ட் 31 வரை உள்நாட்டுக் கட்டணத்துக்குக் கீழ்வரம்பும் மேல்வரம்பும் அரசு வைத்திருந்தது. கீழ்வரம்பு நிறுவனங்களைக் காப்பாற்ற, மேல்வரம்பு பயணியைக் காப்பாற்ற. சாவு வீட்டுக்கு ஓடுகிற ஒருவருக்கு ஒரு ரூபாய் டிக்கெட்டைவிட அந்த மேல்வரம்பு உதவியாக இருந்திருக்கும். மாறன் அப்துல் கலாமைப் பார்த்துக் கேட்டிருக்க வேண்டியது அதைத்தானோ என்று தோன்றுகிறது.

ரயிலை யோசித்துப் பாருங்கள். திருத்தணியிலிருந்து சென்னைக்கு முன்பதிவில்லா டிக்கெட் கல்யாணத்துக்குப் போனாலும் அதே விலை, சாவுக்குப் போனாலும் அதே விலை. ஏழை ரயிலை நம்புவதற்கு மலிவு பாதிக் காரணம்தான். மீதிப் பாதி, விலை அவன் அவசரத்தைப் பார்த்து மாறாது என்ற உறுதி. தன் ஊரில் ரயில் நிற்க வேண்டும் என்று போராடிய ஒருவனின் படத்தில் இந்த வித்தியாசம் வராமல் போனது எனக்கு ஏமாற்றம்தான்.

வீட்டுக்கு வந்த சாதனம்

கடைசியாக ஒன்று. 2006 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு 14 இன்ச் வண்ணத் தொலைக்காட்சியை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. ஒன்றரைக் கோடி வீடுகளுக்கும் மேல் போய்ச் சேர்ந்தது. ஏர் டெக்கான் பறந்துகொண்டிருந்த அதே வருஷங்கள்தான். அன்று படித்தவர்கள் டிவியைக் கிண்டல் செய்தார்கள், விமானத்தைப் புரட்சி என்றார்கள். பதினாலு வருஷம் கழித்து அந்த விமானத்தின் கதை ஜனங்களிடம் போய்ச் சேர்ந்தது டிவியிலும் போனிலும்தான். வரிசையில் நின்று வாங்கிய டிவிக்கு அவசர விலை இல்லை, எல்லாருக்கும் ஒரே பெட்டி.

இவ்வளவும் சொன்ன பிறகும் படம் எனக்குப் பிடிக்கும். அந்த விமான நிலையக் காட்சிக்காக மட்டுமே இன்னொரு தடவை பார்ப்பேன். நீங்களும் பாருங்கள், முடிந்தால் நல்ல ஸ்பீக்கரில். பார்த்துவிட்டு போனை எடுத்து நாளைக் காலை சென்னை - மதுரை விமானத்துக்கு என்ன விலை, மூன்று மாதம் கழித்து என்ன விலை என்று தேடிப் பாருங்கள். ‘சிம்ப்ளி ஃப்ளை’ படித்தவர்கள் யாராவது இருந்தால், இந்தக் கடைசி நேர விலைப் பிரச்சினையைப் பற்றி உங்கள் அபிப்பிராயத்தை எழுதுங்கள். அதை வைத்து இன்னொரு குறிப்பு எழுத எண்ணம் இருக்கிறது.