மூன்றா, ஒன்றா: ரமாபாயின் மறுப்பு

பண்டித ரமாபாயின் கடிதத் தொகுப்பை (1977) நம்மில் பலர் பாதிதான் வாசிக்கிறோம். லத்தீன் பொறித்த சிலுவை எதற்கு, சமஸ்கிருதத்தில் பொறித்தால் ஆகாதா என்று அவர் கேட்ட இடம் நமக்குப் பிடிக்கிறது. (செஞ்சிப் பக்கத்துச் சேரியில் ஞானஸ்நானம் பெற்றவளுக்கு இரண்டும் ஒன்றுதான் என்பதை யாரும் சொல்வதில்லை.) திரித்துவம் பற்றிய பக்கங்கள் வந்ததும் புரட்டிவிடுகிறோம். நானும் புரட்டியவள்தான்.

1883இல் இங்கிலாந்தின் வான்டேஜில், இரண்டு வயது மகள் மனோரமாவோடு ரமாபாய் ஞானஸ்நானம் பெற்றார். ஆனால் கிறிஸ்துவைக் கடவுளென்று ஏற்கவில்லை. தந்தை, மகன், ஆவி மூவரும் ஒரே கடவுள் என்பதையும் ஏற்கவில்லை. அவருக்கு ஆன்மிகத் தாயாக இருந்த சகோதரி ஜெரால்டின் அதை ஆணவம் என்றார். புரோகிதர்களின் நுகத்தை உதறி வந்தவள் இன்னொரு நுகத்துக்குக் கழுத்தை நீட்ட மாட்டேன் என்பது ரமாபாயின் நிலை.

இதைக் காலனிய எதிர்ப்பு என்று மட்டும் எழுதுவது அவரைக் குறைப்பது. புராணம் படித்துச் சொல்லிப் பிழைத்த குடும்பத்துப் பெண் அவர். அவதாரக் கதைகளை மனப்பாடமாக அறிந்து, நம்பி, பிறகு விட்டவர். மனிதனாக இறங்கி வந்த இன்னொரு கடவுளை எப்படி ஏற்பார்? என் வாசிப்பில், அவருடைய மறுப்பு அறிவின் மறுப்பு.

கடவுள் வாதம் பெண்ணைத் தொடாத வாய்ச்சண்டை என்பவர்கள் எங்கள் ஊருக்கு வரலாம். செஞ்சி திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரர் சிற்பங்கள். 57 நாள் உண்ணாதிருந்து உயிர்விட்ட சந்திரநந்தியின் கல்வெட்டு. இங்குள்ள சமணர் திகம்பரர். பெண்ணுடலோடு வீடுபேறு இல்லை, ஆணாய்ப் பிறந்தாக வேண்டும் என்பது திகம்பரர் கொள்கை. சுவேதாம்பரர் அதை மறுத்தனர். ஆன்மாவைப் பற்றிய அந்த வாதம் கடைசியில் யார் உடம்பில் வந்து இறங்கியது? ரமாபாய் விஷயத்தில் அது மனோரமாவுக்கு என்ன கற்பிப்பது, யார் கற்பிப்பது என்ற சண்டையாக இறங்கியது. ஒரு தாயின் உரிமை அந்தக் கடிதங்களில் ஊசலாடுகிறது.

பின்னாளில் அவர் கிறிஸ்துவை இரட்சகராக ஏற்றார். திருச்சபையாருக்கு முந்தைய மறுப்பு வெறும் முதிராத பருவம். நம்மவர்களுக்குப் பிந்தைய ஏற்பு தோல்வி. இரு தரப்பும் ஒரே வசதியைத்தான் தேடுகின்றன. அவரோ ஏற்ற பிறகும் பிறர் சொன்னதோடு நிற்கவில்லை. எபிரேயமும் கிரேக்கமும் படித்து, முழு விவிலியத்தையும் தானே மராத்தியில் பெயர்த்தார். 1922இல் அவர் இறந்தார். நூல் 1924இல் வந்தது. அதை அச்சிட்டவர்கள் அவருடைய முக்தி இல்லத்துப் பெண்கள்.