எலியை ஜெயித்த கடல்

மேனேஜ்மென்ட் வகுப்புகளில் வாத்தியார்கள் ஆசை ஆசையாகச் சொல்லும் கதைகளில் ஒன்று ஹாங்காங் ஓஷன் பார்க்கின் கதை. 'நொடித்துப் போக இருந்த ஒரு பூங்கா, பக்கத்திலேயே கடை விரித்த டிஸ்னியை எதிர்த்து நின்று ஜெயித்தது' என்று ஆரம்பிப்பார்கள். கேட்க ஜோராக இருக்கும். ஏழை ஹீரோ, பணக்கார வில்லன், கடைசி ரீலில் கைதட்டல் எல்லாம் உண்டு. ஆனால் இந்தப் படத்துக்கு இரண்டாம் பாகம் ஒன்று இருக்கிறது. அதை வகுப்பில் யாரும் ஓட்டிக் காட்டுவதில்லை.

முதல் பாகத்தைப் பார்த்துவிடுவோம். 1977 ஜனவரியில் திறந்த பூங்கா இது. நிலம் அரசாங்கத்தினுடையது. கட்டுவதற்கான காசு, ஹாங்காங்கில் குதிரைப் பந்தயம் நடத்தும் ஜாக்கி கிளப்பினுடையது. பந்தயத்தில் அப்பாக்கள் தோற்ற பணத்தில் பிள்ளைகளுக்கு டால்ஃபின் காட்டினார்கள் என்று வைத்துக்கொள்ளுங்களேன். அடிவாரத்தில் ஒரு பாதி, கடலை ஒட்டிய குன்றின் மேல் மறுபாதி. நடுவில் ஒன்றரை கிலோமீட்டர் நீளத்துக்கு கேபிள் கார். ஹாங்காங்கில் வளர்ந்த ஒரு தலைமுறைக்குப் பள்ளிக்கூட பிக்னிக் என்றால் இதுதான். 1987-ல் ஜாக்கி கிளப்பிடமிருந்து பிரிந்து, லாப நோக்கமில்லாத தனிச் சட்ட அமைப்பு ஆனது.

1997-ல் ஆசிய நாடுகளின் பொருளாதாரம் சரிந்தது. பூங்காவுக்கும் கூட்டம் குறைந்து நஷ்டம் வந்தது. 2003-ல் சார்ஸ் வந்து ஊரே முகமூடி மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் உட்கார்ந்தது. போதாக்குறைக்கு லாண்டாவ் தீவில் டிஸ்னிலாண்டு எழும்பிக்கொண்டிருந்தது. அதில் பெரிய பங்குதாரர் யார் தெரியுமோ? ஹாங்காங் அரசாங்கமேதான். ஒரு பிள்ளை நோஞ்சானாகப் படுத்திருக்க, அப்பா பணக்கார வீட்டில் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்.

இந்த நேரத்தில்தான், 2003-ல், ஆலன் ஸெமன் என்பவரைத் தலைவராகப் போட்டார்கள். லான் க்வாய் ஃபாங் என்ற ஏரியாவை மதுக்கடைகளும் உணவகங்களும் நிறைந்த கேளிக்கைத் தெருவாக மாற்றியவர். பூங்கா நடத்தி அனுபவமில்லை. விளம்பரத்துக்கு ஜெல்லி மீன் வேஷம் போடவும் கூச்சமில்லை. பத்திரிகைகள் அவருக்கு 'எலியைக் கொன்றவர்' என்று பட்டம் கொடுத்தன. மிக்கி மவுஸைச் சொல்கிறார்கள்.

அவர் பண்ணிய காரியம் எளிமையானது. 'டிஸ்னியிடம் இருப்பது கதையும் கற்பனையும். நம்மிடம் இருப்பது நிஜ விலங்குகள். அவர்களைக் காப்பியடிக்கப் போனால் தொலைந்தோம்' என்று முடிவெடுத்தார். நூற்றுக்கு நூறு சரி. 2005-ல் 550 கோடி ஹாங்காங் டாலரில் திட்டம் போட்டு, பெரும்பாலும் கடன் வாங்கி, மலையைக் குடைந்து ரயில், பிரம்மாண்ட மீன் காட்சியகம், துருவப் பிரதேசம் என்று வரிசையாகத் திறந்தார்கள். 2001-லேயே ஆரம்பித்திருந்த ஹாலோவீன் பேய்த் திருவிழாவை இன்னும் பெரிதாக்கினார்கள். 2012-13-ல் வந்தவர்கள் சுமார் 77 லட்சம் பேர். ஹாங்காங்கின் மொத்த ஜனத்தொகையைவிட ஜாஸ்தி. கைதட்டல். திரை.

இங்கேதான் எனக்கு வாத்தியார்களோடு சண்டை. ஹீரோவுக்குக் கொடுத்த மார்க்கில் பாதியைச் சில துணை நடிகர்களுக்குப் பிரித்துக் கொடுத்திருக்க வேண்டும்.

முதல் ஆள், விசா. 2003 ஜூலையில்தான் சீனப் பெருநிலத்து மக்கள் குரூப்பில் சேராமல் தனித்தனியாக ஹாங்காங் வரலாம் என்று அனுமதித்தார்கள். வெள்ளம் மாதிரி வந்தார்கள். இரண்டாவது ஆள், டிஸ்னியேதான். 2005 செப்டம்பரில் திறந்தபோது அது உலக டிஸ்னிலாண்டுகளிலேயே சின்னது. அடுத்த வருஷச் சீனப் புத்தாண்டுக்கு டிக்கெட்டோடு வந்தவர்களைக் கூட்டம் தாங்காமல் வாசலிலேயே நிறுத்தி, ஊர் சிரித்தது. மூன்றாவது, பாண்டாக்கள். 1999-லும் 2007-லும் பெய்ஜிங் ஜோடி ஜோடியாக அனுப்பிய பரிசு. இவற்றில் எதையும் ஸெமன் ஏற்பாடு செய்யவில்லை. காற்றுள்ளபோது நன்றாகத் தூற்றினார். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் காற்றையும் அவரே வரவழைத்தார் என்று பாடம் நடத்தக் கூடாதில்லையா?

இனி இரண்டாம் பாகம். 2014-ல், ஹாங்காங்குக்கு எதிர்க்கரையில் இருக்கிற ஜுஹாயில், சிம்லாங் ஓஷன் கிங்டம் திறந்தது. திமிங்கிலச் சுறாக்கள் நீந்தும் தொட்டி, கின்னஸ் சாதனை எல்லாம். 2016-ல் ஷாங்காயில் டிஸ்னி வந்தது. பெருநிலத்துக் குடும்பம் எல்லை தாண்டி வரவேண்டிய அவசியம் போச்சு. பல வருஷம் காத்திருந்த மெட்ரோ ரயில் ஓஷன் பார்க் வாசலுக்கு வந்தது 2016 டிசம்பரில். ரயில் வந்தபோது கூட்டம் வடிந்துகொண்டிருந்தது. 2019-ல் தெருவெல்லாம் போராட்டம். 2020 ஜனவரியில் கொரோனாவால் கதவைச் சாத்தினார்கள்.

அதே ஜனவரியில், பூங்காவைத் திரும்பப் புதுசாக்க அரசாங்கம் சுமார் 1,060 கோடி டாலர் தரவேண்டும் என்று ஒரு திட்டம் வந்தது. இருபதுக்கும் மேற்பட்ட புது அம்சங்களாம். ஊரே கோபப்பட்டது. கடைசியில் மே மாதம் 540 கோடிக்குச் சட்டசபை ஒப்புதல் தந்தது. அதில் பாதிக்கு மேல் பழைய வங்கிக் கடனை அடைக்க. அதாவது, முதல் பாகத்தில் நாம் கைதட்டிய செட்டுக்கெல்லாம் பில் இப்போதுதான் வந்தது. கட்டியது வரி கொடுத்த ஜனம். கட்டி முடிக்காமல் இழுத்துக்கொண்டிருந்த வாட்டர் வேர்ல்டு, 2021 செப்டம்பரில் திறந்தது. வெளிநாட்டுக்காரன் ஊருக்குள் வந்தாலே ஓட்டலில் அடைத்துவைத்த காலம் அது.

'புதுசாக்குவது' என்ற வார்த்தை மேலேயே எனக்குச் சந்தேகம். ஒவ்வொரு முறை நோய் வரும்போதும் ஆலோசகர்கள் எழுதிக் கொடுக்கும் மருந்து ஒன்றே: இன்னும் பெரிய ராட்டினம். ராட்டினப் போட்டியில் பர்ஸ் பெரிதாக இருப்பவன்தான் ஜெயிப்பான். பொதுப் பணத்தில் ஓடும் பூங்கா அந்தப் போட்டிக்குப் போகவே கூடாது. ஸெமனின் நல்ல யோசனையே அதுதானே? அதை அவருடைய பூங்காவே மறந்துபோனதுதான் வேடிக்கை.

இன்னொரு விஷயம். கூட்டம் வராத நாளில் ராட்டினத்தை ஸ்விட்சை ஆஃப் பண்ணி நிறுத்திவிடலாம். பென்குயினை? அது டிக்கெட் விற்றாலும் விற்காவிட்டாலும் வேளாவேளைக்குச் சாப்பிடும், குளிரும் கேட்கும். உயிருள்ளவற்றை வைத்துப் பிழைக்கிறவன், நல்ல வருஷத்தில் கடன் வாங்கி விரிவாக்காமல் கெட்ட வருஷத்துக்குச் சேர்த்துவைக்க வேண்டும். இது வீட்டில் மாடு வைத்திருந்த எந்தப் பாட்டிக்கும் தெரியும்.

அந்தப் பூங்காவில் யிங் யிங், லெ லெ என்று ஒரு பாண்டா தம்பதி. பத்து வருஷமாகச் சேர்த்துவைக்கப் பார்த்தும் இயற்கையாகக் கூடவே இல்லை. 2020 ஏப்ரலில், கேட் சாத்தியிருந்தபோது, முதல் முறையாகக் கூடின. வேடிக்கை பார்க்க யாரும் இல்லாததுதான் காரணமா என்பதை அதுகள்தான் சொல்ல வேண்டும். 2024 ஆகஸ்டில் யிங் யிங் இரட்டைக் குட்டி போட்டது. 2025 பிப்ரவரியில் குட்டிகளைப் பார்க்க ஜனங்களை அனுமதித்தார்கள். கோடி கோடியாகக் கொட்டிய இயந்திரங்களுக்குக் கிடைக்காத பேப்பர் தலைப்பு, இரண்டு கறுப்பு வெள்ளை உருண்டைகளுக்குக் கிடைத்தது.

அடுத்த ஆலோசகர் இதைப் பார்த்துவிட்டு என்ன எழுதிக் கொடுப்பார் என்று நினைக்கிறீர்கள்? 'பாண்டா ரோலர் கோஸ்டர்' என்று எழுதாமல் இருந்தால் சரி.