ஏஐ சொல்லும் 'மூல காரணம்': 2020 நவம்பர் 25 இரவை வைத்து ஒரு விமர்சனம்

சர்வர் படுத்தால் காரணத்தை ஏஐயே கண்டுபிடித்துச் சொல்லிவிடும் என்று செய்துகாட்டும் வீடியோக்கள் இப்போது நிறைய வருகின்றன. அமைப்பு ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒன்றுதான். கண்காணிப்புக் கருவி அலாரம் அடிக்கும். என்8என் மாதிரி ஒரு ஒர்க்ஃப்ளோ மென்பொருள் அதைப் பிடித்து, கடைசி 15 நிமிட லாகுகளை அள்ளி ஒரு ஏஐ மாடலிடம் கொடுக்கும். "மூல காரணம் இது, இப்படிச் சரி பண்ணுங்க" என்று டெலிகிராமில் செய்தி வந்து விழும். பத்து நிமிட வீடியோ, முடிந்தது கதை.

நானும் இப்படி ஒன்றை ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். சிதம்பரத்தில் வீட்டில் ஒரு சின்ன சர்வர், கடலூரில் நான் பராமரிக்கிற ஓர் அலுவலகத்தில் இன்னொன்று. அதனால் இது "ஏஐ வேண்டாம்" கட்டுரை இல்லை. சில விஷயங்களில் அது அபாரம். வட்டில் இடம் இருக்கிறது என்று ஒரு கட்டளை சொல்லும். கோப்பு எழுதப் போனால் "இடமில்லை" என்று லினக்ஸ் கையை விரிக்கும். ஐநோடு தீர்ந்துபோயிருக்கும். புதிதாக வேலைக்கு வந்தவர் இதில் அரை நாள் தொலைப்பார். மாடல் ஒரே வரியில் சொல்லிவிடும். சான்றிதழ் காலாவதி, டிஎன்எஸ் எழுத்துப்பிழை போன்றவையும் அப்படித்தான். அதாவது, ஏற்கெனவே ஆயிரம் பேர் பட்டு எழுதி வைத்த கோளாறு, அதன் தடயமும் லாகிலேயே இருக்கிறது என்றால் பிரச்சினை இல்லை.

தடயம் லாகில் இல்லாதபோது என்ன ஆகும் என்பதுதான் என் கேள்வி. அதற்குக் கையில் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. கடலூர்க்காரர்களுக்கு அந்தத் தேதி வேறொரு காரணத்துக்காக ஞாபகம் இருக்கும்.

2020 நவம்பர் 25. நிவர் புயல் நெருங்கிக்கொண்டிருந்தது. இரவு பதினொன்றரைக்கு மேல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடக்கத் தொடங்கி, 26ஆம் தேதி அதிகாலையில் கடந்து முடித்தது. அதே மாலை, அமெரிக்காவின் வடக்கு வர்ஜீனியாவில் அமேசானின் கினீசிஸ் என்ற சேவை படுத்தது. ஓடிக்கொண்டே இருக்கும் தரவை வாங்கி, உரிய இடத்துக்குப் பிரித்து அனுப்பும் சேவை அது. அமேசானின் வேறு பல சேவைகள் அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தன. வீட்டைத் துடைக்கும் ரோபோக்களின் செயலி வரைக்கும் அன்றைக்கு வேலைநிறுத்தம்.

பிறகு அமேசானே விரிவான விளக்கம் வெளியிட்டது. இந்தத் துறையில் இருப்பவர்கள் ஒருமுறையாவது படிக்க வேண்டிய ஆவணம். அதில் உள்ள நேரங்களை நம் நேரத்துக்கு மாற்றித் தருகிறேன்.

மாலை 4:14க்கு, கினீசிஸின் முன்வரிசை சர்வர்களோடு புதிதாகச் சில சர்வர்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள். 5:17க்கு அது முடிந்தது. முதல் அலாரம் 6:45க்கு. இரவு 9:21க்குச் சந்தேகம் இரண்டு மூன்று காரணங்களுக்குள் வந்து நின்றது. உறுதியான காரணம் தெரிய 11:09 ஆனது. முழுமையாகச் சரியானது மறுநாள் முற்பகல் 11:53க்கு.

காரணம் இதுதான். முன்வரிசையில் உள்ள ஒவ்வொரு சர்வரும் மற்ற ஒவ்வொரு சர்வரோடும் பேசுவதற்கு ஒரு திரெட் வைத்திருக்கும். பத்து சர்வரைப் புதிதாகச் சேர்த்தால் புதிய பத்தில் மட்டும் சுமை ஏறாது, பழைய சர்வர்கள் ஒவ்வொன்றிலும் பத்து திரெட் கூடும். அப்படிக் கூடிக்கூடி, இயக்குதளம் அனுமதித்த உச்சவரம்பை எல்லா சர்வரும் தாண்டிவிட்டன. விளைவு, எந்தத் தரவு எங்கே போக வேண்டும் என்ற வரைபடத்தை அவற்றால் கட்டி முடிக்க முடியவில்லை. வெளியே தெரிந்தது கோரிக்கைகள் தோற்றுப்போவது மட்டும்தான். புதிய சர்வர்கள் மேல் ஆரம்பத்திலேயே சந்தேகம் இருந்தது. ஆனால் அதோடு சம்பந்தமே இல்லாத மாதிரி தெரிந்த பிழைகளும் கலந்து வந்ததால் உறுதி செய்ய முடியவில்லை. நினைவக நெருக்கடியோ என்ற எண்ணமும் இருந்து, பிறகு அது இல்லை என்று தெரிந்தது. அந்த அமைப்பைக் கட்டியவர்களுக்கே நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

இப்போது அந்த வீடியோ ஒர்க்ஃப்ளோவை இங்கே கொண்டுவந்து வைத்துப் பாருங்கள். அலாரம் 6:45க்கு. பதினைந்து நிமிட லாக் என்றால் 6:30லிருந்து. வினை விதைத்த வேலை 5:17க்கே முடிந்துவிட்டது. மாடல் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும், அதன் முன்னால் வைத்த காகிதத்தில் காரணமே இல்லை. திரெட் எண்ணிக்கைக்கு நுணுக்கமான அலாரத்தையும் அமேசான் பிற்பாடுதான் சேர்த்தது. அளக்காத ஒன்றை எந்த ஏஐயும் படிக்க முடியாது. ஆனால் காகிதத்தில் காரணம் இல்லை என்பதற்காக அது சும்மாவும் இருக்காது. "மூல காரணம் என்ன?" என்று நாம் கேட்டுவிட்டோமே, இருக்கிற வரிகளை வைத்து ஒன்றைக் கட்டிக் கொடுக்கும். கூடவே "நம்பிக்கை 90 சதவீதம்" என்றும் போடும். அந்த எண்ணை யாரும் எதைக் கொண்டும் அளக்கவில்லை. நாம் கேட்டோம், அது எழுதியது, அவ்வளவுதான்.

அடுத்தது இன்னும் மோசம். கினீசிஸ் விழுந்ததும் அமேசானின் கண்காணிப்புச் சேவையான கிளவுட்வாட்சும் தடுமாறியது, அதுவும் கினீசிஸை நம்பி இருந்ததால். பல அலாரங்கள் "போதிய தரவு இல்லை" என்ற நிலைக்குப் போய்விட்டன. வாடிக்கையாளர்களுக்குத் தகவல் சொல்லும் நிலவரப் பலகையையும் உடனே புதுப்பிக்க முடியவில்லை. அதற்கான கருவி காக்னிட்டோ என்ற சேவையை நம்பியிருந்தது, அதுவும் அன்றைக்குப் பாதிக்கப்பட்டிருந்தது. கையால் இயக்கும் மாற்று வழி இருந்தது. ஆனால் பணியில் இருந்தவர்களுக்கு அது அவ்வளவு பழக்கமில்லை. இந்தக் கடைசி வாக்கியத்தை நான் இரண்டு முறை படித்தேன்.

தானே புயலைப் பார்த்த ஊருக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30க்குப் பிறகு, எந்த ஊரிலிருந்து ஒரு தகவலும் வரவில்லையோ அந்த ஊரைப் பற்றித்தான் அதிகம் பயப்பட வேண்டியிருந்தது. ஒர்க்ஃப்ளோவுக்கு அது தெரியாது. லாக் வரவில்லை என்றால் பிழையும் வரவில்லை என்று எடுத்துக்கொள்ளும்.

ஒரு சின்னச் சோதனை செய்து பார்த்தேன். மேலே சொன்ன நேரக்கோட்டின் அறிகுறிகளை மட்டும், பெயர்களை மாற்றி, கடலூரில் இருக்கும் ஓர் அலுவலக சர்வரின் லாக் மாதிரி எழுதினேன். மாலையில் வெளிநாட்டுச் சேவைக்குத் தரவு போகவில்லை. இரவில் இணைய இணைப்பு அறுகிறது, மின்சாரம் போகிறது. "புயல் எச்சரிக்கை உள்ளது" என்ற வரியைச் சேர்த்துக் கொடுத்தால், மாலைப் பிழை உட்பட எல்லாமே புயலால்தான் என்றது. அந்த வரியை எடுத்துவிட்டால், எல்லாம் வெளிநாட்டுச் சேவையின் கோளாறு என்றது. ரெண்டு அறிக்கையும் படிக்க அவ்வளவு தெளிவு. ஒரே இரவில் ரெண்டு தனித்தனிக் காரணம் இருக்கலாம் என்பது ரெண்டிலும் வரவில்லை. "மூல காரணம்" என்று ஒருமையில் கேட்டால் ஒருமையில்தான் பதில் வரும் போல.

நான் இப்போது வைத்திருக்கும் அமைப்பில் மாடலுக்கு முன்னால் ஒரு சாதாரண பைத்தான் நிரல் ஓடுகிறது. வர வேண்டிய அளவீடுகளில் எது வரவில்லை என்று எண்ணிப் பட்டியல் போடுவது அதன் வேலை. இதற்கு ஏஐ தேவையே இல்லை. கடந்த 24 மணி நேரத்தில் யார் என்ன மாற்றினார்கள் என்பதும் லாகோடு சேர்ந்து போகிறது. காரணம் கேட்பதில்லை, சாத்தியமான மூன்று காரணங்கள், ஒவ்வொன்றையும் பொய் என்று நிரூபிக்க எந்தக் கட்டளையை ஓட்ட வேண்டும், இதைத்தான் கேட்கிறேன். கட்டளையை ஓட்டுவது மனிதர். மாடலுக்குப் படிக்கும் உரிமை மட்டும்தான், எழுதும் உரிமை கிடையாது. வலை சர்வர் லாகில் பிரவுசர் பெயர் என்று பதிவாவதை வெளியே இருக்கிற யார் வேண்டுமானாலும் இஷ்டப்படி அனுப்பலாம். "முந்தைய கட்டளைகளை மறந்துவிட்டு இதைச் செய்" என்று அதில் ஒருவர் எழுதி அனுப்பினால், மாடல் அதையும் சேர்த்துத்தான் படிக்கும். இது தெரிந்தே சர்வரை ரீஸ்டார்ட் செய்யும் அதிகாரத்தை அதன் கையில் கொடுக்கும் வீடியோக்களை என்னவென்று சொல்வது!

கடலூர் சர்வரும் சிதம்பரம் சர்வரும் ஒன்றை ஒன்று கவனிக்கும்படி வைத்திருந்தேன். நடுவில் நாற்பத்தைந்து கிலோமீட்டர்தான். ஒரே புயல் ரெண்டையும் படுக்க வைத்துவிடும். அதனால் மூன்றாவது கண்காணிப்பு மும்பையில் ஓடுகிறது. மாதம் சில நூறு ரூபாய் செலவு.

இன்னும் தீராத ஒன்று, இரவுப் பணியில் இருக்கும் பையன்கள் விஷயம். பொறியியல் முடித்து இரண்டு வருடம் ஆன ஒரு தம்பி, அலாரம் வந்தால் இப்போதெல்லாம் லாகைத் திறப்பதில்லை, டெலிகிராமைத்தான் திறக்கிறான். அவனைக் குறை சொல்ல முடியாது, செய்தி பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. அதனால் வாரத்தில் ஒரு நாள், வியாழக்கிழமை, மாடலை நிறுத்திவிடுகிறோம். அன்று அலாரம் மட்டும் வரும். முதல் வியாழன் ஒரு வட்டு நிரம்பிய கோளாறைக் கண்டுபிடிக்க அவனுக்கு ஐம்பது நிமிடம் ஆனது. போன வாரம் அதே மாதிரி ஒன்றுக்குப் பன்னிரண்டு நிமிடம்.