காவிளாய் வேரின் சிவப்பு

கச்சான் காற்று வீசுகிற ஜூலையில் நற்பிட்டிமுனையில் எங்கள் வளவு மணலில் வெறுங்காலோடு நிற்க ஏலாது. புல் கருகிவிடும், கிணறு அடிக்குப் போய்விடும். வேலியோரத்துக் காவிளாய் மட்டும் பச்சையாக நிற்கும். கொழிஞ்சி என்றும் சொல்வார்களே, அதுதான். "அதுக்கு அல்லாஹ் மண்ணுக்குள்ள சாப்பாடு வெச்சிருக்கான், மகன்" என்பா மூத்தம்மா.

அந்தச் சாப்பாட்டை நான் கண்ணால் கண்டது ஒரு டிசம்பர் மழைக்காலை. செடியை அடியோடு கிண்டி, வாளித் தண்ணீரில் மெதுவாக அலசினேன். வேரெல்லாம் கடுகு கடுகாய் முடிச்சுகள்! ஒன்றை பிளேடால் பிளந்தேன். உள்ளே இளஞ்சிவப்பு. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குப் புல்லரிக்கும். நம் இரத்தத்து ஹீமோகுளோபினுக்குச் சொந்தக்காரப் புரதம் ஒன்றின் நிறம் அது. முடிச்சுக்குள் குடியிருக்கும் ரைசோபியம் பக்டீரியாக்கள் காற்றின் நைதரசனைச் செடிக்கு உணவாக்குகின்றன. அவற்றுக்கு மூச்சுவிட ஒட்சிசன் வேண்டும். ஆனால் கூடினால் நைதரசனை மாற்றும் நொதியம் கெட்டுவிடும். அதனால் சிவப்புப் புரதம் ஒட்சிசனை அளந்தளந்து கொடுக்கிறது. இந்தப் பக்டீரியாவை 1888இல் ஒல்லாந்தின் பெய்யரிங்க் முதன்முதலில் தனியே பிரித்து வளர்த்தார்.

அடுத்த ஜூலையில் அதே இடத்தைக் கிண்டினேன். மேல்வேரில் இருந்த ஒன்றிரண்டு முடிச்சும் கபில நிறமாய்ச் சுருங்கிக் கிடந்தன. உள்ளிருந்தவர்களில் பலர் மணலுக்குத் திரும்பி, பசைபோல ஒரு படலத்தைப் போர்த்தி, உடலுக்குள் திரெகலோஸ் என்ற சீனியைச் சேர்த்துக்கொண்டு மாரிக்குக் காத்திருக்கிறார்கள். வேரைச் சுற்றிய கூட்டமும் அப்போது மாறுகிறது. நெல், இறுங்கு வேர்களை ஆராய்ந்தவர்கள், வறட்சியில் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற பக்டீரியா வகையினர் பெருகுவதையும், இறுங்கில் தண்ணீர் கிடைத்ததும் அவர்கள் குறைவதையும் கண்டிருக்கிறார்கள்.

ஸ்ட்ரெப்டோமைசிஸை உங்கள் மூக்குக்கு நன்றாகத் தெரியும். முதல் மழை விழுந்ததும் எழுகிற மண்வாசத்தில் இருக்கும் ஜியோஸ்மின் அவர்கள் செய்வது! 1964இல் அவுஸ்திரேலியாவின் இசபெல் பெயாரும் ரிச்சர்ட் தோமஸும் அந்த வாசத்துக்கு 'பெற்றிக்கோர்' என்று பெயர் வைத்தார்கள். அதற்கு வெகுகாலம் முன்பே இந்தியாவின் கன்னௌஜில் சுட்ட களிமண்ணை வடித்து அதே வாசத்தை அத்தராக்கியிருந்தார்கள். பெருநாளைக்கு அத்தர் பூசி வளர்ந்த எனக்கு அதைப் படித்த இரவு நித்திரையே வரவில்லை.

முதல் மழைக்கு முன்பே விதை புழுதிக்குள் போய்விட வேண்டும் என்று வாப்பா அவசரப்படுவதும் இப்போது வேறாகத் தெரிகிறது. காய்ந்த மண் நனைந்த கையோடு நுண்ணுயிர்கள் விழித்துப் பெருமூச்சுவிட, நைதரசன் ஒரேயடியாக வெளிவருகிறது. 1958இல் கிழக்கு ஆபிரிக்க மண்ணில் பேர்ச் என்பவர் இதை அளந்து எழுதினார். அந்த விருந்துக்கு முளை தயாராக இருக்க வேண்டாமா?

போன ஒக்டோபரில் முதல் மழை பெய்த நாளைக் கலண்டரில் வட்டமிட்டேன். இரண்டாம் கிழமை காவிளாயைக் கிண்டியபோது புதுவேர் வெறுமையாக இருந்தது. மூன்றாம் கிழமை வெள்ளைப் பொட்டுகள். ஐந்தாம் கிழமை ஒன்றைப் பிளந்தேன், சிவந்திருந்தது.