எந்த நாவலைப் படிக்கலாம்?

தானா ராத்தாவில் புத்தகப் பிரியர் இருவர் சந்தித்தால், “படிக்க நல்ல நாவல் ஏதேனும் உண்டா?” என்ற பேச்சு எழாமற் போவதில்லை. கேட்கப்பட்டவர் தமக்குப் பிடித்த ஒன்றன் பெயரைச் சொல்லி, “எடுத்தால் கீழே வைக்க மனம் வராது” என்பார். அத்துடன் சிபாரிசு முடிந்தது. யாருக்கு, எதன்பொருட்டு அது நல்ல நாவல் என்று அவர் சொல்வதுமில்லை, இவர் கேட்பதுமில்லை. மருந்துக்கடைக்காரன்கூட நோய் இன்னதென்று விசாரித்த பிறகே புட்டியை எடுக்கிறான்!

நம் மலையையே களமாகக் கொண்ட நாவலொன்று உலகப் புகழ் பெற்றிருக்கிறது. பினாங்கில் பிறந்த தான் துவான் எங் ஆங்கிலத்தில் எழுதிய ‘தி கார்டன் ஆஃப் ஈவ்னிங் மிஸ்ட்ஸ்’ என்பதே அது. 2012இல் வெளிவந்து, அவ்வாண்டே புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. ஜப்பானியர் முகாமில் தமக்கையைப் பறிகொடுத்த சீனப் பெண்ணொருத்தி, 1951இல் கேமரன் மலைக்கு வந்து, அவள் நினைவாகத் தோட்டமொன்று அமைத்துத்தருமாறு ஒரு ஜப்பானியரையே நாடுகிறாள். வெறுப்பும் கலையும் ஓரிடத்திற் சந்திக்கும் அக்காட்சிகளை நாம் மனமாரப் புகழ்வோம்.

ஆயின் அந்நூலின் தேயிலைத் தோட்டத்துக்கு உடையவர் தென்னாப்பிரிக்கர், நாயகி சீனப் பெண், கலைஞர் ஜப்பானியர். பெரட்டுக்கு நின்று, சரிவிலே கொழுந்து கிள்ளிய நம்மவரோ மூடுபனியைப் போலப் பின்னணியில் நிற்கின்றனர். 1929இல் ரஸ்ஸல் துரை ‘போ’ தோட்டத்தைத் தொடங்கிய நாள்முதல் இம்மலையில் வியர்வை சிந்திய தமிழர் எத்தனை பேர்! இதற்காக ஆசிரியர்மேற் குறை கூறுவது நியாயமன்று. அவர் எடுத்துக்கொண்ட துயரம் வேறு. நம் வீட்டுக் கதையை அடுத்த வீட்டார் ஏன் எழுதவில்லை என்று கோபிப்பார் உண்டோ?

அக்கதையைத் தேடுவோர் ‘எரியும் பனிக்காடு’ படிக்கவேண்டும். ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராயிருந்த பி. எச். டேனியல் 1969இல் ‘ரெட் டீ’ என ஆங்கிலத்தில் வெளியிட்டதை இரா. முருகவேள் தமிழாக்கியுள்ளார். பஞ்சம் பிழைக்க மலையேறிய கருப்பனும் வள்ளியும் முன்பணக் கடனிலும் காய்ச்சலிலும் சிக்கிக்கொள்ளும் கதை. மலை வேறாயினும் மக்கள் நம்மவரே. குறையும் உண்டு. கொடுமைமேற் கொடுமை அடுக்கப்படுவதால் சிலவிடங்களில் மனம் மரத்துப்போகிறது. மருத்துவர் நோயாளிகளைக் கணக்கெடுப்பதுபோல் நடை ஓடுகிறது. ஆயினும் அங்கே மாண்டவர்க்குப் பெயர் இருக்கிறது. பெண்ணின் கண்கொண்டு காண விரும்புவோர், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தைப் பற்றிக் கோகிலம் சுப்பையா எழுதிய ‘தூரத்துப் பச்சை’யை அடுத்து எடுக்கலாம்.

மலேசியத் தோட்ட நாவல் என்றாலே நம் கண்முன் நிற்பது ரப்பர் மரந்தான். தமிழகத்து அகிலன் இந்நாட்டைப் பற்றி எழுதியபோது நூலின் பெயரே ‘பால்மரக்காட்டினிலே’ என்றாயிற்று. பால் வெட்டுவோர் விடியுமுன் கத்தியோடு புறப்படுவர். கொழுந்தெடுப்போருக்கோ மழையில் நனைந்த கூடை முதுகில் இரட்டிப்பாய்க் கனக்கும். முன்னவர் வாழ்வைப் படித்துப் பின்னவர் வாழ்வை அறிந்துகொள்ள முடியாது. இன்று கையாற் கிள்ளும் வழக்கம் குறைந்து கத்தரியும் இயந்திரமும் வந்துவிட்டன. வேலையாட்களிலும் பிற நாட்டார் பலர். கூடை சுமந்த நம் கிழவிமாரோ ஒருவர்பின் ஒருவராக மறைந்து வருகின்றனர்.

ஆதலின் நம் சிபாரிசு இது: ‘எரியும் பனிக்காட்டை’ ஒருவர் உரக்கப் படிக்க, வீட்டார் அனைவரும் சுற்றியிருந்து கேளுங்கள். பாட்டி இடைமறித்து, “எங்கள் காலத்தில் அப்படியில்லை” என்றால் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அவள் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு, ஆங்கிலம் கற்ற பேத்தி அந்த மற்றொரு நாவலை எடுத்துத் தமிழிற் சொல்லிக்காட்டட்டும். அதில் வரும் மூடுபனி நம் மலையின் பனிதானா என்று பாட்டியே தீர்ப்புச் சொல்வாள்.