மடியில் வைத்தால் இலவசம்

களம்பூர், ஆரணி, போளூர் வட்டாரத்தில் ஒட்டப்படும் சுற்றுலா நோட்டீஸ்களுக்கு ஏறக்குறைய ஒரே அமைப்புதான். மேலே ஒரு சாமி படம். நடுவில் ஊர்ப் பெயர்கள் வரிசையாக, எத்தனை நெருக்க முடியுமோ அத்தனை. அதன் கீழே தலைக்கு இவ்வளவு என்ற கட்டணம். கடைசியில் பொடி எழுத்தில் ஒரு வரி: ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டால் இலவசம். குழந்தைகளைப் பற்றி அந்தத் தாளில் இருக்கும் சேதி பெரும்பாலும் அவ்வளவுதான். இருந்தும் வண்டி கிளம்பும் விடியற்காலையில் பார்த்தால் இருக்கைக்கு ஒரு பிள்ளை தூங்கி வழிந்துகொண்டிருக்கும்.

இந்தக் குழுச் சுற்றுலாக்களைக் குறை சொல்வது எளிது. சொந்தக் காரும் கைப்பேசியில் விடுதி பதிவு செய்யும் பழக்கமும் உள்ளவர்கள் அதை அடிக்கடி செய்கிறார்கள். ஆனால் ஆரணிப் பட்டு நெய்யும் குடும்பத்துக்கு விடுமுறை என்பது நாள்காட்டியில் இல்லை. புடவைக்கு இவ்வளவு கூலி என்று வாங்குகிறவர்கள் தறியை விட்டு எழுந்தால் வருமானம் நிற்கும். முகூர்த்த மாதங்களில் எழவே முடியாது. பாவு தீர்ந்து அடுத்த பாவு ஏறுவதற்குள் கிடைக்கும் இடைவெளியில்தான் ஊர் பார்க்க வேண்டும். விடுதி தேடவும், தெரியாத மொழியில் வழி கேட்கவும், தரிசன வரிசை எங்கே தொடங்குகிறது என்று அலையவும் அவர்களுக்குப் பொழுதில்லை. எல்லாவற்றையும் ஒருவர் பார்த்துக்கொள்கிறார் என்றால் அது பெரிய விடுதலை.

பிள்ளைகள் விஷயத்திலும் இந்த முறைக்கு ஒரு பலம் உண்டு. விமர்சிப்பவர்கள் அதைக் கவனிப்பதில்லை. ஒரே தெருவிலிருந்து கிளம்பும் வண்டியில் குழந்தைக்கு அத்தை, பெரியம்மா, ஆயா என்று தெரிந்த மடிகள் நிறைய. அம்மா வரிசையில் நிற்கும்போது பிள்ளை யாரிடமாவது இருக்கும்; அழாது. தனியாகக் காரில் போகும் கணவன் மனைவிக்கு இந்த வசதி கிடைக்காது; இருவரில் ஒருவர் வெளியே உட்கார்ந்தே ஊர் திரும்புவார். இன்னொன்று சாப்பாடு. நம் பக்கத்துச் சுற்றுலாக்கள் பலவற்றில் சமையல்காரர் கூடவே வருகிறார். சாலையோரம் அடுப்பு மூட்டி இட்லியும் ரசம் சோறும் சுடச்சுடக் கிடைப்பதால், காரத்துக்குப் பழகாத மூன்று வயதுப் பிள்ளைக்கு வயிறு கெடுவதில்லை. ஓட்டல் பரோட்டாவை விட ஆயிரம் மடங்கு மேல். சமையல் வண்டிக்கு வெளியே நடக்கிறதா, எரிவாயு உருளை எங்கே வைக்கப்படுகிறது என்பதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை மதுரை ரயில் நிலையத்தில் நின்ற சுற்றுலாப் பெட்டி ஒன்றில், விதியை மீறி ஏற்றிய உருளையால் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். லக்னோவிலிருந்து புறப்பட்டு வந்த யாத்திரைக் குழு அது.

குறை எங்கே இருக்கிறது என்றால், அட்டவணையில். நம் கோயில்கள் பெரும்பாலும் நண்பகலில் நடை சாத்தி மாலை நான்கு மணி வாக்கில் திறப்பவை. பார்க்கும் கோயில்களின் எண்ணிக்கை கூட வேண்டுமானால் நடை திறக்கும்போதே முதல் கோயிலில் நிற்க வேண்டும்; அதற்கு முந்தைய இரவு முழுக்க வண்டி ஓட வேண்டும். நடை சாத்திய மதியத்தில் அடுத்த ஊருக்கு ஓட்டம். ஆக, குழந்தை கால் நீட்டிப் படுக்க வேண்டிய இரவும் மதியமும் இரண்டுமே சாலையில் கழிகின்றன. விழித்துத் துள்ளி விளையாட வேண்டிய காலையும் மாலையும் வரிசையில். குழந்தையின் நாளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தாலும் இவ்வளவு கச்சிதமாக வராது.

இதைத் தனியார் மட்டும் செய்வதாக நினைக்க வேண்டாம். கும்பகோணம் அரசுப் போக்குவரத்துக் கழகம் 2024 பிப்ரவரியில் நவக்கிரகச் சிறப்புப் பேருந்தைத் தொடங்கியது. கட்டணம் 750 ரூபாய், ஒரே நாளில் ஒன்பது கோயில். மலிவு, பாதுகாப்பு, வழிகாட்ட ஆள் எல்லாம் உண்டு. வரவேற்க வேண்டிய திட்டம்தான். ஆனால் ஒன்பது முறை ஏறி இறங்கி, ஒன்பது முறை செருப்பைக் கழற்றி மாட்டி, ஒன்பது பிராகாரம் சுற்றும் நான்கு வயதுப் பிள்ளையை எண்ணிப் பாருங்கள். இந்து சமய அறநிலையத் துறை 60 முதல் 70 வயது வரையுள்ளவர்களை அறுபடை வீடுகளுக்கு இலவசமாக அழைத்துச் செல்கிறது. காசி யாத்திரையும் அந்த வயதினருக்கே. நாம் சுற்றுலா என்று சொல்வது முதியவரின் ஆசையை அளவாக வைத்துத் தைத்த சட்டை. அதைத்தான் பேரனுக்கும் மாட்டிவிடுகிறோம்.

உடம்பு என்ன சொல்கிறது என்பதும் முக்கியம். வண்டியில் குமட்டல் இரண்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை அதிகம். உள்காது அசைவை உணரும்போது கண் அசையாத இருக்கை முதுகையே பார்த்துக்கொண்டிருந்தால் மூளை குழம்பி வயிற்றைப் புரட்டுகிறது. நடுவில் ஓடும் வீடியோப் படம் அதை இன்னும் மோசமாக்கும். “அண்ணா, கொஞ்சம் ஓரம் கட்டுங்க, புள்ள வாந்தி எடுக்குது” என்று பின்வரிசையிலிருந்து ஒரு தாய் கூவுவதும், “இன்னும் பத்து நிமிஷம்மா, டோல்கேட் தாண்டிடலாம்” என்று முன்னாலிருந்து பதில் வருவதும் இந்தப் பயணங்களின் நிலைத்த உரையாடல். முன்பகுதி ஜன்னலோர இருக்கை பாதி வைத்தியம். அந்த இருக்கைகள் எப்போதும் பணம் முதலில் கட்டியவருக்குப் போகின்றன, பிள்ளைக்காரிக்குப் போவதில்லை.

இலவச மடிக்கு வருகிறேன். அரசுப் பேருந்தில் ஐந்து வயது வரை கட்டணம் இல்லை என்பது நல்ல சலுகை. போளூர் வரை போய்வர மடி போதும். இராமேஸ்வரம் நானூறு கிலோமீட்டருக்கு மேல். அவ்வளவு தூரம் பதினைந்து கிலோ பிள்ளையை மடியில் வைத்தவளின் முழங்காலைப் பற்றி யாரும் கேட்பதில்லை என்பது ஒரு பக்கம். வண்டி வேகத்தில் மோதினால் எந்தத் தாயாலும் கையால் பிள்ளையைப் பிடித்து நிறுத்த முடியாது என்பது மறுபக்கம். 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு இருக்கைப் பட்டை இல்லாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது. நம் வேன்களில் பட்டை இருந்தால், அது பெரும்பாலும் இருக்கைக்கு அடியில் முடங்கிக் கிடக்கும். அரைக் கட்டணம் கொடுத்தாவது பிள்ளைக்குத் தனி இருக்கை வாங்குவது ஆடம்பரம் ஆகாது.

வழிகாட்டி என்ற பெயரில் வருகிறவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கே செருப்பு விடுவது, எத்தனை மணிக்கு வண்டி எடுக்கும் என்று ஒலிபெருக்கியில் சொல்வதோடு அவர் வேலை முடிகிறது. கூட்டம் மேய்க்கும் அந்தத் திறமையை நான் மதிக்கிறேன். ஆனால் ஆறு வயதுப் பிள்ளை கேட்கும் கேள்வி வேறு. இவ்வளவு பெரிய கல்லை எப்படி ஏற்றினார்கள்? பதில் இல்லை. இப்படி வியக்க வெகுதூரம் போகவும் வேண்டாம்: போளூர்ப் பக்கத்துத் திருமலையில் சமணத் தீர்த்தங்கரர் நேமிநாதர் சுமார் 16 மீட்டர் உயரத்தில் பாறையில் நிற்கிறார். இராஜராஜனின் அக்காள் குந்தவை பெயரில் ஒரு ஜினாலயமும் அங்கே உண்டு. களம்பூர்ப் பிள்ளைகள் அண்ணாந்து பார்த்து வாய் பிளக்க வேண்டிய இடம். பக்கத்தில் இருப்பதாலேயே எந்த நோட்டீஸிலும் அது ஏறுவதில்லை. சாத்தனூர் அணையின் முதலைப் பண்ணைக்கும், ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்துக்கும் அதே கதி. அங்கிருக்கும் வைணு பாப்பு தொலைநோக்கியின் ஆடி 2.34 மீட்டர் அகலம். சனிக்கிழமைகளில் பொதுமக்களை விடுகிறார்கள்.

ரயில் இந்தக் குறைகளில் பலவற்றைத் தீர்க்கிறது. களம்பூரில் இருக்கும் நிலையத்துக்கு ஆரணி ரோடு என்று பெயர். விழுப்புரம்–காட்பாடிப் பாதையில், திருப்பதி போகும் பயணிகள் வண்டி நின்று செல்லும் ஊர். பிள்ளை நடக்கலாம், படுக்கலாம், கழிப்பறைக்கு யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. ஐந்து வயதுக்குள் தனிப் படுக்கை கேட்காவிட்டால் கட்டணமும் இல்லை. திருப்பதித் திருமலையில் 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 300 ரூபாய் தரிசனச் சீட்டு தேவையில்லை என்பதால், ஐந்தாறு குடும்பங்கள் தாங்களே சேர்ந்து போய்வரத் திருப்பதி ஏற்ற இடம். நீண்ட பயணத்துக்கு பாரத் கௌரவ் சுற்றுலா ரயில்கள் உண்டு; முதலாவது 2022 ஜூன் 14 அன்று கோவையிலிருந்து ஷீரடிக்குக் கிளம்பியது. அவற்றின் பயணத் திட்டமும் முதியவர் யாத்திரையே என்றாலும், இரவில் பிள்ளை நீட்டிப் படுத்துத் தூங்கும்.

வெளிநாட்டுச் சுற்றுலா நிறுவனங்கள் சில, குடும்பச் சுற்றுலா என்றே தனி வகை வைத்து, அதற்குக் குறைந்தபட்ச வயதும் குறிக்கின்றன. இந்தப் பயணம் உங்கள் பிள்ளைக்கு ஒத்துவராது என்று வியாபாரியே சொல்லிவிடுகிறார். நம்மிடம் அப்படிச் சொல்லும் வழக்கம் இல்லை, ஆகவே கேட்கும் வேலை பெற்றோருடையது. படகு உண்டா, பிள்ளை அளவுக்கு மிதவைச் சட்டை உண்டா? கேரளத்தின் தானூரில் 2023 மே 7 மாலை அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். பாதிக்கு மேல் குழந்தைகள். இரவில் ஓட்டுநர் மாறுகிறாரா? கூட்டத்தில் பிள்ளை தவறினால் என்ன ஏற்பாடு? சபரிமலைக்குப் போகும் குழந்தைகளின் கையில் பம்பையில் போலீசார் கட்டும் அடையாளப் பட்டை போல, பெயரும் கைப்பேசி எண்ணும் எழுதிய ஒரு பட்டையைச் சுற்றுலா நடத்துபவர் கொடுக்கச் சில ரூபாய்தான் ஆகும்.

ஆறு வயது தாண்டிய பிள்ளைகளுக்கு, ஓர் ஊரில் இரண்டு இரவு தங்கிச் சுற்றுப்புறம் பார்க்கும் குழுப் பயணம் நல்லது என்றே சொல்வேன். தெருப் பிள்ளைகள் கூட வந்தால் இன்னும் நல்லது. கைக்குழந்தைக்கும் நடைபழகும் குழந்தைக்கும் காலையில் போய் மாலையில் திரும்பும் தூரமே அளவு. சுற்றுலா நடத்துபவர்கள் ஊர்ப் பெயர்களைக் குறைத்து, நாளுக்கு எத்தனை மணி நேரம் வண்டி ஓடும், எத்தனை இரவு எந்த ஊரில் தங்கல் என்பதை நோட்டீஸிலேயே அச்சிட வேண்டும். அதுவரை, முன்பணம் கொடுக்கும் முன் இரவு எங்கே படுக்கிறோம் என்று கேளுங்கள். ‘வண்டியிலேயே’ என்று பதில் வந்தால், ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளையோடு அந்தப் பயணம் வேண்டாம்.