நலமான மணிக்கட்டை யார் கற்றுத் தருவது?

மணிக்கட்டின் எம்ஆர்ஐ படத்தைப் படிக்கக் கற்கும் இளம் மருத்துவர் முதலில் சந்திப்பது நோயுற்ற மணிக்கட்டைத்தான். பாடநூலைத் திறந்தால் கிழிந்த லிகமென்ட், ரத்த ஓட்டமின்றிச் செத்துப்போன எலும்பு, வீங்கிய டெண்டான் உறை. கோளாறு இருக்கும் இடத்தை ஓர் அம்புக்குறி காட்டிக் கொடுத்துவிடுகிறது. கதிரியல் துறைகளின் சேகரிப்புகளும் இப்படித்தான் வளர்கின்றன. அரிய நோய் வந்தால் சேமித்து வைப்பார்கள். கோளாறே இல்லாத மணிக்கட்டை எடுத்து வைக்க யாருக்கும் தோன்றுவதில்லை. இதனோடு ஒரு பட்டியலும் தரப்படுகிறது: எலும்புகள், மூட்டு இடைவெளிகள், லிகமென்ட்கள், டெண்டான்கள், நரம்புகள் என்று ஒவ்வொரு முறையும் ஒரே வரிசையில் பார்த்துவா. நோய்ப்படங்களும் பட்டியலும் சேர்ந்ததுதான் இன்றைய பயிற்சி. பட்டியல் நல்ல கருவி, அதை விட்டுவிடக் கூடாது என்றே நினைக்கிறேன். ஆனால் இந்தப் பயிற்சியின் அடித்தளத்தில் ஒரு பெரிய குறை இருக்கிறது.

முதலில் பட்டியலுக்கு உரிய மதிப்பைத் தந்துவிடலாம். எட்டுச் சிற்றெலும்புகள் இரண்டு வரிசையாக நெருக்கியடித்துக் கிடக்கும் இடம் மணிக்கட்டு. அவற்றைப் பிணைக்கும் லிகமென்ட்கள் சில மில்லிமீட்டர் கனமே உள்ளவை. கொழுப்பின் ஒளியை அடக்கி எடுக்கும் படவரிசையில் திரவம் வெண்மையாகப் பளிச்சிடும். அதில் ஒரு நீர்க்கட்டி தெரிந்தால் கண் அங்கேயே நின்றுவிடும். ஒன்றைக் கண்டுபிடித்த திருப்தியில் தேடல் முடிந்துபோக, இரண்டு எலும்பு தள்ளியிருக்கும் முறிவு தப்பிவிடும். ஸ்கேஃபாய்டு எலும்பில் அப்படித் தப்புவது ஆபத்தானது. அந்த எலும்புக்கான ரத்தத்தின் பெரும்பகுதி விரல் பக்க முனையிலிருந்து பின்னோக்கி ஓடுகிறது. நடுவில் முறிந்தால் முன்கைப் பக்கத்துத் துண்டு பட்டினியாகிச் சாகக்கூடும். முறிந்த முதல் நாட்களில் எக்ஸ்ரேயில் ஒன்றுமே தெரியாமல் போவதுண்டு. எம்ஆர்ஐ அப்போதே காட்டிவிடும். பார்ப்பவர் அந்த எலும்புவரை போயிருக்க வேண்டும், அவ்வளவுதான். களைத்துப்போன கண்ணையும் அங்கே இழுத்துச் செல்வது பட்டியல்.

ஆனால் தவறுகள் எல்லாமே கண் போகாததால் நடப்பவையா? ஹரால்டு குண்டெல், கால்வின் நோடின் முதலியோர் 1978இல் மார்பு எக்ஸ்ரேயைப் பார்க்கும் மருத்துவர்களின் கண்ணசைவைப் பதிவு செய்து ஆராய்ந்தார்கள். தவறவிட்ட நுரையீரல் கட்டிகளில் பலவற்றின் மேல் அவர்களுடைய பார்வை பட்டுத்தான் இருந்தது. சிலவற்றை அடையாளம் காணவில்லை; சிலவற்றில் நெடுநேரம் தங்கிவிட்டு, இது ஒன்றுமில்லை என்று தீர்மானித்திருந்தார்கள். 2013இல் டிராஃப்டன் ட்ரூவும் உடன் ஆய்வாளர்களும் நுரையீரல் சிடி படங்களுக்குள் ஒரு கொரில்லா உருவத்தை ஒளித்து வைத்து, கட்டிகளைத் தேடும்படி 24 ரேடியாலஜிஸ்ட்களிடம் கொடுத்தபோது, 20 பேர் கொரில்லாவைக் காணவில்லை. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களின் கண்கள் நேராக அதன்மேல் பதிந்திருந்தன. எங்கே பார்ப்பது என்பதைப் பட்டியல் சொல்லித் தரும். பார்த்ததை என்னவென்று அறிவது வேறு திறமை. மணிக்கட்டில் அந்தத் திறமைக்கு முதல் தேவை, இயல்பானது எத்தனை விதமாக இருக்கும் என்ற அறிவு. நெற்பயிரைப் பல பருவத்திலும் பார்த்துப் பழகியவர் கண்ணில்தான் களை தனியாகத் தெரியும்.

சுண்டுவிரல் பக்கம் அல்னா எலும்பின் தலைமேல் அமர்ந்திருக்கும் முக்கோண நார்க்குருத்தெலும்புத் தொகுதியை எடுத்துக்கொள்வோம். 1981இல் பால்மரும் வெர்னரும் அந்தத் தொகுதிக்குப் பெயரிட்டு விவரித்தார்கள். டிஎஃப்சிசி என்ற சுருக்கப் பெயர் இன்று மணிக்கட்டு வலி உள்ளவர்களுக்குக்கூடத் தெரியும். இந்தத் தொகுதியின் குருத்தெலும்புத் தட்டு ரேடியஸ் எலும்போடு சேரும் இடத்தில் மெல்லிய மூட்டுக் குருத்தெலும்பு இடையில் இருப்பதால், வெள்ளைக் கோடு ஒன்று இயல்பாகவே தெரியும். அல்னாவோடு சேரும் பக்கத்தில் இரண்டு நார்க்கற்றைகளுக்கு நடுவே ரத்த நாளங்கள் மிகுந்த திசு இருக்கிறது. அதுவும் வெளிறித் தெரியும். கிழிசல் படங்களை மட்டும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இரண்டுமே கிழிசல்தான். வயது இன்னொரு சிக்கல். இறந்தோர் மணிக்கட்டுகளை ஆராய்ந்து மிகிச் 1978இல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்தத் தட்டின் தேய்மானம் இருபதுகளிலேயே தொடங்குகிறது. வயது ஏற ஏறத் துளைகளும் பெருகுகின்றன. வலியே இல்லாதவர்களை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்த பிற்கால ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. ஐம்பத்தைந்து வயதுக்காரரின் தட்டில் துளை தெரிகிறது என்பது உண்மைச் செய்தி. அவருடைய வலிக்குக் காரணம் அதுதான் என்பது தனியாக நிரூபிக்கப்பட வேண்டியது. நோய்ப்படத் தொகுப்புகள் இந்த வேறுபாட்டைக் கற்றுத் தருவதில்லை. அந்தத் தொகுப்புகளில் துளை உள்ள ஒவ்வொருவரும் நோயாளியாகவே இருக்கிறார்.

இயல்பானது பல விதமாகத் தெரிவதற்கு இயற்பியலும் ஒரு காரணம். டெண்டானின் நார்கள் காந்தப் புலத்துக்குச் சுமார் 55 டிகிரி சாய்ந்திருந்தால், சில படவரிசைகளில் நலமான டெண்டானும் நோயுற்றதுபோல் வெளுக்கும். எதிரொலி நேரம் நீண்ட படவரிசையில் அந்த வெளுப்பு மறைந்துவிடும். பெருவிரலை நீட்டும் நீள டெண்டான் மணிக்கட்டைச் சாய்வாகக் கடக்கும் இடத்தில் இதை அடிக்கடி காணலாம். பயிற்சிக் காலத்தில் இயற்பியலை முதல் தேர்வுக்காகப் படித்து, தேர்வு முடிந்ததும் மூடி வைத்துவிடுகிறோம். மணிக்கட்டுக்கு வரும்போது அது நினைவில் இருப்பதில்லை. கை வைத்திருந்த விதமும் அப்படியே மறக்கப்படுகிறது. பல இடங்களில் நோயாளி குப்புறப் படுத்து, கையைத் தலைக்கு மேல் நீட்டிக்கொண்டு அசையாமல் கிடக்க வேண்டும். தோள் வலிக்கும், கை அசையும், படம் மங்கும். உள்ளங்கை கீழ்நோக்கி இருந்தால் அல்னா சற்று நீண்டதுபோல் தெரியும். மேல்நோக்கித் திருப்பினால் சுண்டுவிரல் பக்கத்து டெண்டான் தன் பள்ளத்திலிருந்து கொஞ்சம் விலகி நிற்கலாம்; பலருக்கு அது இயல்பு. எந்த நிலையில் எடுத்த படம் என்று கேட்காமல் அளவு சொல்வதில் பொருளில்லை.

இனி நோய்களைக் கற்பிக்கும் முறைக்கு வருவோம். பாடநூல் ஒவ்வொரு நோய்க்கும் ஓர் அத்தியாயம் ஒதுக்குகிறது. படிப்பதற்கு வசதியான ஏற்பாடு. பிரித்தறியும் பயிற்சிக்கு அது உதவாது. லூனேட் எலும்பைப் பாருங்கள். 1910இல் வியன்னாவில் ராபர்ட் கீன்பாக் விவரித்த நோயில் இந்த எலும்பு ரத்த ஓட்டம் இழந்து சிதைகிறது. அல்னா நீளமாக இருந்து லூனேட்டின்மேல் மோதும் இன்னொரு நிலையும் உண்டு. இரண்டிலும் எலும்பு மஜ்ஜையின் நிறம் மாறித் தெரியும். மோதலில் அந்த மாற்றம் பெரும்பாலும் லூனேட்டின் அல்னா பக்கத்து மூலையில் நிற்கும். பக்கத்து எலும்பிலும், அல்னா தலையிலும் அதன் தடம் இருக்கலாம். முக்கோணத் தட்டின் நடுவில் துளையும் இருக்கலாம். கீன்பாக் நோயில் மாற்றம் ரேடியஸ் பக்கத்தில் தொடங்கும், அல்லது எலும்பு முழுதும் பரவியிருக்கும். அல்னா பெரும்பாலும் குட்டையாக இருக்கும். இது தேர்வுக்கான நுணுக்கம் என்று ஒதுக்க முடியாது. மோதலுக்கு அல்னாவை வெட்டிக் குறுக்குவார்கள். கீன்பாக் நோயில், அல்னா குட்டையாக இருந்தால், ரேடியஸை வெட்டிக் குறுக்குவது வழக்கம். ஒரே எலும்பின் நிறமாற்றத்தைப் பார்த்து இரண்டு மருத்துவர்கள் சொல்லும் இரண்டு பதில்கள், நேரெதிரான இரண்டு அறுவை சிகிச்சைகளில் போய் முடியலாம்.

இப்படிப்பட்டவற்றை அருகருகே, கலந்து, பெயரை மறைத்துக் காட்ட வேண்டும். கோர்னெல், பியோர்க் என்ற உளவியலாளர்கள் 2008இல் ஓவியர்களின் பாணியை அடையாளம் காணும் பயிற்சியில் இதைச் சோதித்தார்கள். ஒருவரின் ஓவியங்களைத் தொடர்ச்சியாகப் பார்த்தவர்களைவிட, பலருடையதையும் கலந்து பார்த்தவர்கள் புதிய ஓவியங்களைச் சரியாக இனம் கண்டார்கள். ஆயினும் தொடர்ச்சியாகப் பார்ப்பதே தங்களுக்கு உதவியது என்று பெரும்பாலோர் நம்பினார்கள். அத்தியாயம் அத்தியாயமாகப் படிப்பதை நாம் விடாமல் பற்றிக்கொண்டிருப்பதற்கு அந்த நம்பிக்கையும் ஒரு காரணமாக இருக்க வேண்டும்.

படத்தை ஒற்றைச் சட்டமாகக் காட்டுவதையும் சொல்ல வேண்டும். நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் ஹின்ஷா, பாட்டம்லி, ஹாலண்ட் மூவரும் 1977இல் நேச்சர் இதழில் வெளியிட்ட மனித மணிக்கட்டின் மெல்லிய வெட்டுப் படம், எம்ஆர்ஐ வரலாற்றின் தொடக்ககாலச் சாதனைகளில் ஒன்று. இன்று ஒரு மணிக்கட்டுக்கு மூன்று திசைகளில், பல வரிசைகளில், நூற்றுக்கும் மேற்பட்ட வெட்டுகள் வருகின்றன. ஸ்கேஃபாய்டையும் லூனேட்டையும் இணைக்கும் லிகமென்டில் வலுவானது புறங்கைப் பக்கத்துப் பகுதி. நடுவிலிருக்கும் சவ்வுப் பகுதி வயதோடு துளைபடுவது சாதாரணம். எந்தப் பகுதி அறுந்தது என்பதைப் படங்களை முன்னும் பின்னும் உருட்டிப் பார்த்துத்தான் அறிய முடியும். தேர்ந்தெடுத்த ஒரு சட்டத்தைத் திரையிட்டு விளக்கும்போது, கடினமான பாதி வேலையை ஆசிரியரே முடித்துவிடுகிறார்.

முடிவு தெரியாமல் போவது எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது. அறிக்கை எழுதியவருக்கு, மூட்டுக்குள் கருவி செலுத்திப் பார்க்கும் ஆர்த்ராஸ்கோபியில் என்ன தெரிந்தது என்ற செய்தி பெரும்பாலும் திரும்பி வருவதில்லை. சென்னை ஸ்டான்லி மருத்துவமனை போலக் கை அறுவைக்கென்றே தனித்துறை இருக்கும் இடங்களில், பயிற்சி மருத்துவர் தான் எழுதிய அறிக்கையோடு அறுவை அரங்குக்குப் போய்ப் பார்க்கும் வாய்ப்பு இருக்கிறது. அதைப் பாடத்திட்டத்தின் கட்டாயப் பகுதியாக்கலாம். நோயாளி விரல் வைத்துக் காட்டும் வலியிடத்தை, ஸ்கேனுக்கு முன் ஒரு குறிப்பு மாத்திரையை ஒட்டி அடையாளப்படுத்தும் எளிய வழக்கத்தையும் எல்லா இடங்களிலும் கொண்டுவரலாம். நம் ஊரில் ஃபிலிமும் ரிப்போர்ட்டும் நோயாளி கையிலேயே தரப்படுகின்றன. வலிக்குப் பொருந்தாத ஒரு துளை முடிவுரையில் முதல் வரியாக இருந்தால், குடும்பமே அறுவை சிகிச்சைக்குப் பணம் திரட்ட ஆரம்பித்துவிடும்.

தேர்வு மாறினால் பயிற்சியும் மாறும். பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ரேடியாலஜிஸ்ட்ஸ் தன் இறுதித் தேர்வில் பல்லாண்டு காலம் விரைவு அறிக்கைப் பகுதி ஒன்றை வைத்திருந்தது. 35 நிமிடத்தில் 30 எக்ஸ்ரே படங்கள். அவற்றில் இயல்பானவையும் கலந்திருக்கும். இயல்பானதை நோய் என்று எழுதினால் மதிப்பெண் போகும். மணிக்கட்டு எம்ஆர்ஐயிலும் அப்படிக் கேட்கலாம். அதற்கு இயல்பான படங்கள் வேண்டும். இயந்திர நேரம் அரிது, நலமாக இருப்பவரை எதற்கு ஸ்கேன் செய்வது என்ற எதிர்ப்பு வரும், நியாயமான எதிர்ப்புதான். ஆனால் எம்ஆர்ஐயில் கதிர்வீச்சு இல்லை. ஆண்டுதோறும் சேரும் பயிற்சி மருத்துவர்கள், நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு, ஓய்வாக இருக்கும் நேரத்தில் தங்கள் மணிக்கட்டையே உள்ளங்கை மேலாகவும் கீழாகவும் எடுத்துச் சேர்த்தால், சில ஆண்டுகளில் ஒரு நல்ல தொகுப்பு கிடைக்கும். அவை எல்லாம் இளம் மணிக்கட்டுகளாகவே இருக்கும் என்பதால், ஐம்பதைக் கடந்த பேராசிரியர்களும் கை நீட்ட வேண்டியிருக்கும்.